மலைக்கு ஏற்ற மருந்தகம்: நீலகிரி கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டத்தின் கால்நடை உதவி மருத்துவர்கள், ஆய்வாளர்கள், பராமரிப்பு உதவியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி, உதகை, கூடலூர் பகுதிகளில் நாய், பூனை வளர்ப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் பக்கம் ஒரு சிறு தனியார் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஏற்கெனவே நீளமான வரிசை இன்னும் நீளும். "அங்க நல்லா பாக்குறாங்க" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் போவதுதான் அதற்கு விளம்பரம். அந்த நல்ல கவனிப்பு எதில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பெரிய கருவியோ விலையுயர்ந்த மருந்தோ அகப்படவில்லை. எக்ஸ்ரே கூட அங்கே கிடையாது. எடை பார்க்கிறார்கள், சூடு பார்க்கிறார்கள், எழுதித் தருகிறார்கள், ஃபிரிட்ஜைக் கவனிக்கிறார்கள், ராத்திரியில் போனை எடுக்கிறார்கள். மலையிலுள்ள ஒவ்வொரு அரசு மருந்தகத்திலும் இவ்வளவையும் செய்ய முடியும் என்பதே எங்கள் வேண்டுகோள். "ஆவன செய்யப்படும்" என்ற ஒரு வரியில் கோப்பு மூடிவிடக் கூடாது என்பதற்காக, எதை எப்படிச் செய்வது, செய்யாவிட்டால் எங்கே கெடுகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

எடையில் தொடங்குவோம். அங்கே டாக்டர் மேசைக்குப் போகுமுன் ஒவ்வொரு பிராணியும் எடை மேடையில் ஏறியாக வேண்டும். "பாத்தா அஞ்சு கிலோ இருக்கும்" என்ற கண்மதிப்பு மலையில் அதிகமாகவே ஏமாற்றும். குளிருக்கு முடி அடர்ந்த குட்டி, உள்ளே எலும்பும் தோலுமாக இருக்கும். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சொறிக்காக 3 கிலோ குட்டிக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் போட வேண்டியது 0.09 மில்லி. 5 மில்லி சிரிஞ்சில் அந்த அளவைப் பார்க்கவே முடியாது. கை 0.1 மில்லி கூடினால் மருந்து இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கோலி இன நாய்களிலும் அவற்றின் கலப்பிலும் பலவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் ஏறிவிடும் மரபுக் குறை உண்டு. அவற்றுக்குச் சரியான அளவே ஆபத்து. குளிருக்கு ஒத்துப்போகும் என்று மலையில் முடி நீண்ட இனங்களை விரும்பி வளர்க்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறோம். மருந்தகத்துக்கு ஒரு எடை மேடை, பூனைக்கும் குட்டிக்கும் ஒரு சிறு தராசு, 1 மில்லி சிரிஞ்ச் ஒரு பெட்டி. கேட்பது இவ்வளவே.

அடுத்தது சூடு. நாய்க்கு இயல்பு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். காய்ச்சலைத் தேடுகிற அதே தெர்மாமீட்டரால் மலையில் குளிர்ச்சியையும் தேட வேண்டும். பிறந்து ஒரு வாரம் ஆகாத குட்டிக்கு உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. அதன் உடல்சூடு 95, 96 என்ற அளவில்தான் நிற்கும். அது 94க்குக் கீழே போனால் குடல் வேலையை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டுப் பால் புகட்டினால் வயிறு உப்பும், அல்லது பால் நுரையீரலுக்குப் போகும். ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால். சூடேற்றுவதும் மெதுவாக, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடக்க வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு பக்கம் மட்டும் வைத்து, குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் இடம் விட வேண்டும். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டி வைக்கும் வழக்கம் குட்டியையும் வீட்டாரையும் சேர்த்தே கொல்லும். அந்த மருத்துவமனையில் குட்டி போட்ட நாயோடு வரும் எல்லோரிடமும் இதைத் தவறாமல் சொல்கிறார்கள்.

அறுவை சிகிச்சையிலும் இதே குளிர்தான் பிரச்சினை. எவர்சில்வர் மேசையில் வயிற்றுமுடி மழித்து, ஸ்பிரிட் தடவி, மயக்கத்தில் கிடக்கும் பத்துக் கிலோ நாய் அரை மணி நேரத்தில் பல டிகிரி இழந்துவிடும். அப்புறம் மயக்கம் தெளியாது. மருந்து அதிகமாகிவிட்டதோ என்று எல்லோரும் பதறுவார்கள். மேசைமேல் போர்வை, டிரிப்ஸ் பாட்டிலை முன்கூட்டியே வெதுவெதுப்பான நீரில் வைப்பது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சூடு பார்ப்பது, 99 ஏறும்வரை வீட்டுக்கு அனுப்பாதிருப்பது: அவர்கள் முறை இது. தெருநாய் கருத்தடைக்கான 2023ஆம் ஆண்டு விதிகள் அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. டிசம்பர், ஜனவரியில் உதகையில் நான்கு இரவு சிமெண்டுத் தரையில் என்றால் தையல் ஆறுவதற்குள் சளி பிடித்துவிடும். கூண்டுக்கு ஒரு மரப்பலகை, ஒரு சாக்கு, காற்றுப்படும் பக்கம் ஒரு தார்ப்பாய் வேண்டும்.

உயரம் செய்யும் இன்னொரு வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொதிக்க வைத்து எடுக்கும் பழைய பழக்கம் சமவெளியிலேயே போதாது. டெட்டனஸ் கிருமியின் வித்து கொதிநீரில் பிழைத்துக்கொள்ளும். இங்கே இன்னும் போதாது. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருந்தாலும் அதன் கையேடு கடல் மட்டத்தை நினைத்து எழுதியது. 121 டிகிரிக்குச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்று அதில் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே சுமார் மூன்றரை பவுண்டு குறைவு என்பதால், அழுத்தம் காட்டும் முள் 15இல் நின்றால் உள்ளே 121 வந்திருக்காது. உதகையில் முள் பதினெட்டரையைத் தொட வேண்டும்; குன்னூரில் 18 போதும். கலனும் அதன் பாதுகாப்பு வால்வும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றவைதானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்காத கலனென்றால் அழுத்தத்தை ஏற்றாமல் நேரத்தைக் கூட்டுவதே சரி. மூட்டைக்குள் நிறம் மாறும் சோதனைப் பட்டை ஒன்றை வைத்தால் சந்தேகம் தீரும். தையல் போட்ட இடம் அடிக்கடி சீழ் வைத்தால் "நாய் நக்கிடுச்சு" என்று எங்களைச் சொல்வதற்கு முன் அந்த முள்ளை ஒருமுறை பாருங்கள்.

தடுப்பூசிக்கு வருகிறோம். 1907இல் வெறிநோய் சிகிச்சைக்கென்றே தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கும் குன்னூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தடுப்பூசியைக் குளிரில் பாதுகாப்பது பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று. 2 முதல் 8 டிகிரி என்ற விதியில் எல்லோரும் 8ஐப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மலையில் 2ஐப் பற்றிய கவலைதான் பெரிது. வெறிநோய், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் திரவமாக வருபவை. ஒருமுறை உறைந்தால் வீரியம் போய்விடும், உருகியபின் பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். உறைவது எங்கே? வீட்டு ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த பெட்டியில். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியை நேராக ஒட்டி அடுக்கிய தடுப்பூசி கேரியரில். முகாமுக்கு முந்தைய இரவு உறைபனியில் ஜீப்புக்குள் விட்டுப்போன டப்பாவில். ஐஸ் கட்டியை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் சத்தம் வந்தபிறகுதான் கேரியரில் வைக்க வேண்டும். இடையில் அட்டையும் வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போவது இங்கே சகஜம். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் தண்ணீர்ப் பாட்டில்களை நிறைத்து வைத்தால் உள்ளே குளிர்ச்சி அதிக நேரம் நிற்கும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த மருத்துவமனையில் காலையும் மாலையும் அதைப் பார்த்து ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டிய தாளில் குறிக்கிறார்கள். நாங்கள் காத்திருக்கும்போது வாசிப்பது அதைத்தான்.

குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ வைரஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டும், ஏனெனில் குட்டிகள் சாவது பெரும்பாலும் இதில்தான். பாதித் தவறு எங்கள் பக்கம். முப்பது நாள் குட்டியை "ஊசி போட்டாச்சு" என்ற அட்டையோடு விற்கிறார்கள், நாங்களும் நம்பி வாங்குகிறோம். அந்த வயதில் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் ஊசி மருந்தையே முறித்துவிடும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். நடுவில் நிறுத்தினால் மூன்று மாதக் குட்டிக்கு ரத்தக் கழிச்சல் வரும்போது, ஊசி போட்டும் வந்துவிட்டதே என்று டாக்டரைக் குறை சொல்வோம்.

நோய் வந்த குட்டிக்கு மருந்து என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். 5 கிலோ குட்டி, எட்டு சதவீத நீரிழப்பு என்றால் இழந்தது மட்டும் 400 மில்லி. அன்றாடத் தேவை இன்னொரு 250, 300 மில்லி. வாந்தியிலும் கழிச்சலிலும் போய்க்கொண்டே இருப்பது தனி. காலையில் ஒரு மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றி, ஊசியை உருவி, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினால் இந்தக் கணக்கு எப்படியும் நேராகாது. அந்த மருத்துவமனை செய்வது எளிய வேலை. நரம்பில் போட்ட கேனுலாவை எடுக்காமல் கட்டுப் போட்டு, குட்டி கடிக்காமல் கழுத்துக்குக் கூம்புப் பட்டை மாட்டி, மாலையிலும் வரச் சொல்கிறார்கள். மஞ்சூரிலிருந்தும் குந்தாவிலிருந்தும் இரண்டு வேளை வர முடியாதவர்களுக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றக் கையைப் பிடித்துக் கற்றுத் தருகிறார்கள்: தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஓரிடத்தில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக. குளுக்கோஸ் பாட்டிலை இப்படி ஏற்றக் கூடாது, ரிங்கர் லாக்டேட்டோ சாதாரண சலைனோ மட்டும். அதிர்ச்சி நிலையில் கிடக்கும் குட்டிக்கு இது போதாது என்பதையும் சொல்லியே அனுப்புகிறார்கள். மூன்று நாள் பட்டினி போட வேண்டும் என்பதும் பழைய வைத்தியம். வாந்தி அடங்கியதும் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் வெந்த கோழிச்சாறு தொடங்கினால் குடல் சீக்கிரம் தேறும்.

பார்வோ குட்டி காத்திருப்போர் பெஞ்சுக்கே வரக் கூடாது. வாசலில் ஒரு பலகை: "வாந்தி, கழிச்சல் உள்ள குட்டியை வண்டியிலேயே வைத்திருந்து போன் செய்யவும்." டாக்டர் வண்டிக்கு வந்து பார்க்கிறார். குட்டி போனபின் தரையை முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பிளீச் திரவம் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுகிறார்கள். பினாயில் வாசம் வந்தாலே சுத்தம் என்ற நம்பிக்கை இந்தக் கிருமியிடம் பலிக்காது. வெயில் படாத ஈர மண்ணில் பார்வோ மாதக்கணக்கில், ஒரு வருடம்வரை கூடக் கிடக்கும். வெயிலே எட்டிப் பார்க்காத நம் கொல்லைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஒரு குட்டி செத்த வீட்டுக்கு உடனே இன்னொன்றைக் கொண்டு வராதீர்கள் என்பதை அச்சடித்தே கொடுக்கலாம்.

சமவெளி மருத்துவர் அரிதாகவே பார்க்கும் காயங்கள் இங்கே வாராவாரம் வரும். சிறுத்தை கவ்விய நாயின் கழுத்தில் வெளியே தெரிவது இரண்டு சிறு துளைகள். உள்ளே தசை கிழிந்து தோல் தனியாகக் கழன்றிருக்கும். அழுத்தினால் காற்று நொறுநொறுக்கும். அந்தத் துளைகளை மேலோடு தைத்துவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாள் முழுக் கழுத்தும் சீழ். முடியை அகலமாக மழித்து, 20 மில்லி சிரிஞ்சால் சலைனைப் பீய்ச்சி நிறையக் கழுவி, வடிய வழி விட்டு, மூன்றாம் நாள் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். காட்டு விலங்கின் கடி வெறிநோய்க் கணக்கிலும் வரும் என்பதால், தடுப்பூசி நடப்பில் இருந்தாலும் உடனே மறு ஊசி தேவை. மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாமல் சுத்தத் துணியால் மூடிப் பலகையில் வைத்துத் தூக்கி வருவது எங்கள் பொறுப்பு. இரவில் நாயை வெளியே சங்கிலியில் கட்டாதிருப்பதும்தான். முள்ளம்பன்றி முள்ளை வீட்டில் பிடுங்கினால் பாதியில் ஒடிந்து உள்ளேயே நகரும். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். காட்டுமாடு முட்டியது, பன்றி கிழித்தது என்றால் வயிற்றுச் சுவரைத் தடவிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

விஷம் என்றால் இங்கே மூன்று வழி. கேரட், உருளைத் தோட்டத்துப் பூச்சிமருந்து முதலாவது: எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகும், உடம்பு துடிக்கும். இதற்கு முறிமருந்தான அட்ரோபின் கைவசம் இல்லாத மருந்தகத்தால் அன்றைக்குப் பயனில்லை; டப்பாவைக் கையோடு எடுத்து வரச் சொல்லி மக்களையும் பழக்க வேண்டும். இரண்டாவது நம் ஊர்ப் பெருமையான ஹோம்மேட் சாக்லேட். அடர்ந்த டார்க் சாக்லேட் 100 கிராம், 10 கிலோ நாயின் இதயத்தைத் தடுமாற வைக்கப் போதும். விடுதிகளில் விருந்தாளிகள் அன்போடு ஊட்டிவிடுகிறார்கள். மூன்றாவது லில்லி. பாலிஹவுஸில் வளர்க்கும் லில்லிப் பூவின் இதழோ மகரந்தமோ குவளைத் தண்ணீரோ பூனை வயிற்றில் போனால் சிறுநீரகம் மூன்று நாளில் நின்றுவிடும். பூவை மென்ற அன்றே வந்து இரண்டு மூன்று நாள் டிரிப்ஸில் இருந்தால் பிழைக்க வழியுண்டு. ஒரு வரி அறிவிப்பு போதும், மலர் விவசாயிகள் பலருக்கு இது தெரியாது.

வலி மருந்தில் நீங்கள் ஏற்கெனவே காட்டும் கண்டிப்பு தொடர வேண்டும். மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்றால் செத்துப்போகும், சீகூர், மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளுக்காகக் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் 2006இலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் 2023இலும் தடை செய்யப்பட்டன. மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசியும் 2015 முதல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பியில் வரக் கூடாது. கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கும்போது வேறெதற்கு? மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக்கை நாய்க்குக் கொடுத்து வயிறு புண்ணாகி வருபவர்களும், பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். கருணைக்கொலை செய்த உடலை வெளியே வீசினால் அதிலுள்ள மயக்கமருந்து கழுகுக்கும் நஞ்சாகும் என்பதால், ஆழக் குழி தோண்டி மூடும் வரை அது மருந்தகத்தின் வேலையாகவே இருக்கட்டும்.

இனி இரவு. நிலச்சரிவில் மேட்டுப்பாளையம் சாலை மூடினால் கோவை போக கோத்தகிரி சுற்று. பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் வயநாட்டில் பூக்கோடு கால்நடைப் பல்கலைக்கழகத்தை நம்பி வண்டியைத் திருப்புகிறார்கள். வயிறு முறுக்கி உப்பிய பெரிய நாய்க்கோ சிறுநீர் அடைத்த ஆண் பூனைக்கோ விடியும்வரை பொறுமை கிடையாது. ஒவ்வொரு மருந்தகத்தையும் இரவெல்லாம் திறக்கச் சொல்லவில்லை. மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண், முறைவைத்து ஒரு மருத்துவர், போனில் நான்கு கேள்வி: ஈறு என்ன நிறம், மூச்சு எப்படி, சிறுநீர் போனதா, எடை எவ்வளவு. விரலால் அழுத்திய ஈறு இரண்டு வினாடிக்குள் சிவக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் பாதிப் பேர் காலைவரை காத்திருக்கலாம் என்று தெரிந்துவிடும். மீதிப் பேருக்கு எங்கே போவது என்று அவரே சொல்லிவிடலாம். 1962 என்ற எண்ணை அழைத்தால் மாட்டுக்கு ஊர்தி வருவது போல மலையில் இதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

கடைசியாக, அந்த மருத்துவமனை தரும் அட்டை. தமிழில், எடையோடு, மருந்தின் பெயரும் வேளையும் எத்தனை நாள் என்பதும் எழுதியிருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் 28 நாள் என்றால் 28க்கும் கட்டம் போட்டுத் தருகிறார்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் நாய் சாப்பிடத் தொடங்கியதும் நிறுத்திவிடுவோம். மாத்திரைக்குப் பின் தண்ணீர் புகட்டவும் என்று ஓரத்தில் இருக்கும், தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் மாத்திரை அது. அடியில், இன்ன குறி கண்டால் தேதிக்குக் காத்திராமல் வரவும் என்று ஒரு வரி. மூன்றாம் நாள் உதவியாளர் போன் செய்கிறார்.

எங்கள் பங்காக, நாயைக் கயிற்றோடும் வாய்க்கட்டோடும், பூனையைக் கூடையிலும் கொண்டு வருவோம். அட்டையைத் தொலைக்க மாட்டோம், வருமுன் போன் செய்வோம். எடை மேடைக்கும் தெர்மாமீட்டருக்கும் இந்த நிதியாண்டில் நிதி ஒதுக்கத் தலைப்பு இல்லை என்றால் எந்தெந்த மருந்தகத்துக்குத் தேவை என்ற பட்டியலைத் தாருங்கள், வாங்கித் தருகிறோம். நன்கொடையைப் பெற்றுக்கொள்ள அனுமதிக் கடிதம் மட்டும் நவம்பருக்குள் கிடைத்தால் உறைபனிக்கு முன் பொருத்திவிடலாம்.

இப்படிக்கு,
நீலகிரி மலையில் நாய், பூனை வளர்ப்போர்